ஒரு சாண் வளர்த்தி

தேயிலை விலை விழுந்த காலத்தில் ஈட்டிக்கொல்லி எஸ்டேட்டில் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. முதலில் உரம் குறைந்தது. அப்புறம் ஆஸ்பத்திரியில் மாத்திரை குறைந்தது, கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பிராவில் பால் குறைந்தது. ஃபாக்டரி பாதி நாள் ஓடியது, பாதி நாள் தூங்கியது. இனிக் குறைக்க என்ன இருக்கிறது என்று சனங்கள் நினைத்திருந்த நேரத்தில், தொழிலாளிகளின் உயரமும் குறைந்துவிட்டதாகக் கம்பெனி கண்டுபிடித்தது.

இதைக் கண்டுபிடிக்கக் குன்னூரிலிருந்து ஓர் அதிகாரியே வர வேண்டியிருந்தது. அரசாங்கத்தின் மலைத்தோட்ட உடல்தகுதி வாரியம் என்று அங்கே ஒன்று இருந்தது. அது எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஊரில் எல்லாம் மூடிக்கொண்டிருந்தபோதும் அதை மட்டும் மூடவில்லை என்பதால், ரொம்ப முக்கியமான வாரியமாகத்தான் இருக்க வேண்டும் என்று பந்தலூர்ப் பக்கம் பேசிக்கொண்டார்கள். அதன் அதிகாரி தினகரன் ஜீப்பிலிருந்து இறங்கினார். நேராகத் தேயிலைக் காட்டுக்குள் வந்து, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களை வரிசையாகச் செடியோரம் நிற்கச் சொன்னார். வரிசையில் முதல் ஆள் கருப்பம்மாள்.

கருப்பம்மாளுக்கு வயது ஐம்பத்தைந்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, முகாமில் கிடந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பம். கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டியே காலம் போனவள். புருசன் பரமசிவன் குடித்தே போய்ச் சேர்ந்துவிட்டான். தொழிலாளிகளுக்குக் கம்பெனி கட்டிய வரிசை வீடான லயத்தில், காம்பிரா என்கிற ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். அதிகாரி நிற்கச் சொன்னால் நிற்பாள், போகச் சொன்னால் போவாள். இப்போதும் நின்றாள்.

கொழுந்து எடுக்கும் ஆளின் இடுப்பும் செடியின் மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வாரியத்தில் வெள்ளைக்காரன் காலத்து விதி ஒன்று உண்டாம். கருப்பம்மாளுக்குச் செடி நெஞ்சுவரை நின்றது. அடுத்தவளுக்கும் நெஞ்சுதான். அதற்கடுத்தவள் கொஞ்சம் குட்டை, அவளுக்குக் கழுத்து. தினகரனுக்கு முகம் வாடிப்போயிற்று. எப்படிப்பட்ட ஆள்கள் எப்படிச் சுருங்கிவிட்டார்கள் என்று மேனேஜர் பாலகுமாரிடம் சொல்லி உச்சுக்கொட்டினார்.

தேயிலையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். விட்டால் மரமாகிவிடுகிற சாதி அது. நாலைந்து வருசத்துக்கு ஒருதரம் கத்தியால் அதன் தலையைச் சீவிவிட வேண்டும், அதற்குக் கவ்வாத்து என்று பெயர். கவ்வாத்து வெட்டிய காடு பல மாசம் கொழுந்து தராது, வெட்டுகிறவனுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். விலை விழுந்த நேரத்தில் இதெல்லாம் கட்டுப்படியாகுமா? ஈட்டிக்கொல்லியில் கவ்வாத்தை நிறுத்திப் பல வருசமாகிவிட்டது. செடி தன் பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. லயத்துக் கைப்பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும்.

பெண்களும் அதைத்தான் சொன்னார்கள். "நாங்க சுருங்கலீங்க, செடிதான் ஓங்கிப் போச்சு" என்றார்கள். மேனேஜர் பாலகுமார் வேறு பக்கம் திரும்பி மலையைப் பார்த்தார். கவ்வாத்து ஒழுங்காக நடக்கிறது என்று மேலிடத்துக்கு வருசா வருசம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். தினகரன் மட்டும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"ஏனுங்கம்மா, செடி கம்பெனியோட சொத்துங்க. சொத்து அதுபாட்டுக்கு மாறாதுங்க. ஆளுதான் மாறுவாங்க. மாறாததை வெச்சுத்தான் மாறுறதை அளக்கோணும், அதுதானுங்க முறை."

அளவு முடிந்தது. வயசான பெண்கள் அத்தனை பேரும் 'முதிர்வுச் சுருக்கம் கொண்டோர்' என்று முடிவாயிற்று. சுருங்கியவர்களுக்கு இனி வேலை கிடையாது. வேலை இல்லாதவர்களுக்கு லயத்தில் காம்பிரா கிடையாது. மழைக்கு முன்னால் காலி செய்ய வேண்டும்.

கருப்பம்மாளுக்கு வேலை போவதில் பெரிய வருத்தமில்லை. நடுவட்டத்தில் தங்கச்சி இருந்தாள், கூப்பிட்டுக்கொண்டும் இருந்தாள். ஒரு வாய்க் கஞ்சிக்கு வழி இல்லாமல் போகாது. ஆனால் காம்பிராவை விட அவளால் ஆகாது. காம்பிராகூட இல்லை, அதன் வாசல் நிலைக்கால். அந்த மரத்தில் ஒரு வெட்டு இருந்தது.

சிலோன் தோட்டத்து ஆள்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செடி மட்டம் பிள்ளையின் இடுப்புக்கு வந்த அன்றைக்குப் பிள்ளையை நிலைக்காலில் சாய்த்து நிறுத்தி, தலை தொடும் இடத்தில் அப்பன் கவ்வாத்துக் கத்தியால் ஒரு வெட்டுப் போடுவான். ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு வெட்டுத்தான், ஆயுசுக்கும். அந்தக் காலத்தில் மட்டம் தொட்ட பிள்ளைக்குப் பேர் பதிந்து காட்டுக்கு அனுப்புவார்கள். இங்கே வந்த பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், வெட்டு மட்டும் நின்றுவிட்டது. சீனி கலந்த தேங்காய்ப்பூவும் பால் விடாத சாயத்தண்ணியும் லயம் முழுக்கக் கொடுப்பார்கள். கருப்பம்மாளுக்கு ரொம்ப நாள் கழித்துப் பிறந்த ஒரே மகள் ஜீவிதா. அவளுக்கும் அப்படித்தான் பரமசிவன் வெட்டுப் போட்டான். வெட்டு அம்மாவின் தாடைக்கு இருந்தது. இன்னும் ஒரு சாண் வளர்ந்தால் அம்மாவை எட்டிவிடுவேன் என்று பிள்ளை லயம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தது.

அந்த வாரமே பிள்ளை போய்விட்டது. மட்டம் தொட்ட பெரிய மனுசியாகிவிட்டோம் என்று நினைப்பு. அம்மா காட்டில் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கை, இனி நான்தான் அலசுவேன் என்று எடுத்துக்கொண்டு ஃபாக்டரிக் குட்டைக்குப் போனாள். படங்கு மிதந்தது. பிள்ளை மிதக்கவில்லை. குட்டைக்கு வேலி வேண்டும் என்று கேட்டதற்குக் கம்பெனி, 'ஆழம். இறங்காதே' என்று ஒரு பலகை வைத்தது. அந்தக் குட்டைக்கு அடியே கிடையாது, பாதாளம்வரை போகும் என்று லயத்தில் சொல்லுவார்கள். அப்படிச் சொல்லிக் கேட்பதில் கருப்பம்மாளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. பாதாளத்தோடு யார் மல்லுக்கு நிற்க முடியும்?

உயரம் குறைந்தது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதை எந்த அதிகாரியும் வந்து சொல்ல வேண்டியதில்லை. தினம் காலையில் வாசல் கூட்டிவிட்டு நிலைக்காலில் சாய்ந்து நிற்பாள். தாடைக்கு இருந்த வெட்டு வருசம் போகப் போக ஏறி, இப்போது கீழுதட்டுக்கு வந்திருந்தது. தான் தேய்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை. எம் மவ வளர்றா என்றுதான் நினைத்துக்கொள்வாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் தாய்க்கு எது நியாயம் என்று சொல்ல நீங்கள் யார், நான் யார்?

காலி செய்யச் சொன்ன சேதி பரவியதும் யூனியன் தலைவர் மோசஸ் களத்தில் குதித்தார். அவர் ஒன்றும் லேசுப்பட்ட ஆளில்லை. மேசையைத் தட்டினார், வெளிநடப்புச் செய்தார், வெளியில் டீ குடித்துவிட்டு உள்நடப்பும் செய்தார். செடிதான் வளர்ந்தது என்பதை மட்டும் அவர் பேசவில்லை, ஏனென்றால் கவ்வாத்தை நிறுத்தியபோது சம்மதம் சொன்னவர் அவர்தான். தொழிலாளி சுருங்கினால் அவனை விரட்டக் கூடாது, நீட்டித் தர வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. மூன்றாம் நாள் வெற்றி கிடைத்தது. கம்பெனி செலவில் உயரம் காக்கும் சிகிச்சை அளிக்க ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சிகிச்சைதான் நீச்சல்.

நீச்சல் எங்கிருந்து வந்தது என்றால், குன்னூரில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையிலிருந்து வந்தது. பல் பிடுங்கக் காத்திருந்தபோது தினகரன் அங்கே கிடந்த பழைய பத்திரிகையைப் புரட்டியிருக்கிறார். தினம் நீந்துகிற கிழவர்கள் முதுகு கூனாமல் நிமிர்ந்து நிற்கிறார்கள், மற்றவர்கள் அளவுக்குக் குறுகுவதில்லை என்று தோன்றுகிறது என்று அதில் போட்டிருந்ததாம். பக்கத்தின் கடைசியில் 'ஆனால்' என்று ஒரு சொல். அடுத்த பக்கத்தை யாரோ வடை சுற்றக் கிழித்திருந்தார்கள். 'ஆனால்' வரைக்கும் இருந்ததை வைத்து வாரியம் திட்டம் தீட்டியது.

கிழிந்த பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்பதை எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் யூனிஸ் எல்லோர் முன்னாலும் கருப்பம்மாளிடம் சொன்னாள். கூடலூர்க்காரி, மலையாளம் கலந்த பேச்சு, மனசில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "வயசானா எலும்பு தேயும் சேச்சி. முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கறதும் வத்திப்போகும். அதான் குள்ளமாகுறது, எல்லாருக்கும் உள்ளதுதான். நீந்தினா நெஞ்சுக்கு நல்லது, மூட்டு வலிக்கு நல்லது, முதுகு கொஞ்சம் நிமிரும். போன உசரம் வராது கேட்டோ. எலும்புக்கு வேணும்னா பாலும் முட்டையும் கொடுக்கச் சொல்லுங்க."

பாலும் முட்டையும் என்ற சொற்கள் காதில் விழுந்ததும் மேனேஜர் மறுபடி மலையைப் பார்த்தார். தினகரன் கோபப்படவில்லை. "சிஸ்டர், நீங்க சொல்றது மருத்துவமுங்க. நாங்க பண்றது திட்டமுங்க. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார்.

திட்டத்தைத் துவக்கி வைக்க ஃபாக்டரி வாசலில் மேடை போட்டார்கள். "வளர்ச்சி வளர்ச்சின்னு எல்லாரும் பேசறாங்க" என்று தினகரன் ஆரம்பித்தார். "விலையை வளர்த்துங்கறாங்க, கூலியை வளர்த்துங்கறாங்க. அதெல்லாம் நம்ம கையில இல்லீங்க. ஆளை வளர்த்தறது நம்ம கையில இருக்குதுங்க. அதுக்குப் பெரிய செலவும் கிடையாது. குட்டை இருக்குது, தண்ணி இருக்குது, நீங்க இருக்கீங்க. மழை வேற சும்மாவே பெய்யுது. இதுக்கு மேல ஒரு அரசாங்கம் என்னங்க பண்ண முடியும்?" மோசஸ் எழுந்து, நீச்சல் என்பது போராடிப் பெற்ற உரிமை, அதை இனி எவனும் பறிக்க முடியாது என்று முழங்கினார். பெண்கள் குளிரில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். கருப்பம்மாளுக்குக் குட்டை என்ற சொல்லுக்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை.

நல்லவேளை, உடனே குட்டையில் இறக்கவில்லை. தண்ணீரில் இறங்கும் முன் தரையில் தேர்ச்சி பெற வேண்டும் என்று வாரியத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதற்கு உலர்நீச்சல் என்று பேர். ஃபாக்டரி மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற நீளமான கம்பிவலைத் தொட்டிகள் சும்மா கிடந்தன. அதில் பெண்களைக் குப்புறப் படுக்கவைத்துக் கையைக் காலை அடிக்கச் சொன்னார்கள். தொட்டியை உபயோகித்தால் அடியில் இருக்கும் விசிறி ஓட வேண்டும் என்பது ஃபாக்டரி விதி. கொழுந்துக்கு இல்லாத கரண்ட் கிழவிகளுக்கு வந்தது. கீழிருந்து குளிர்காற்று வயிற்றில் அறைய, சேலை மேலே பறக்க, பேத்தி பேரன் எடுத்தவர்கள் வலைமேல் படுத்து உதைத்தார்கள். நேரத்துக்கு நேரம் மேஸ்திரி வந்து, கொழுந்தைப் புரட்டிப்போடும் பழக்கத்தில், அவர்களையும் புரளச் சொல்லிவிட்டுப் போனார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சிலர் சிரித்தார்கள்.

கருப்பம்மாள்தான் அதில் முதல். சொன்ன இடத்தில் சொன்னபடி கையைக் காலை அடித்தாள். எத்தனை நாள் வேண்டுமானாலும் இந்தக் கம்பிவலையிலேயே நீந்திவிடலாம், தண்ணீர்ப் பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்பது அவள் கணக்கு. அவள் தேறிய வேகத்தைப் பார்த்த தினகரன், முதலில் குட்டையில் இறங்கும் பெருமை அவளுக்கே என்று அறிவித்துவிட்டார்.

குட்டைக்கரையில் பெரட்டு வைத்தார்கள். காட்டு வேலைக்குப் போகும்போது ஆள் கூட்டிப் பேர் கூப்பிடுவது போலவே, நீச்சலுக்கும் பேர் கூப்பிட்டார்கள். ஆடி மழை ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. 'ஆழம். இறங்காதே' என்றிருந்த பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்து 'நல்வரவு' என்று எழுதியிருந்தார்கள். புதுப் பெயின்டுக்கு அடியில் பழைய எழுத்து லேசாகத் தெரிந்தது. அத்தனை வருசமாகச் சுற்று வழியில் நடந்து இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள், அந்தப் பலகைக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, எம் புள்ள இதுல போனவ. நா எறங்க மாட்டேனுங்க" என்றாள்.

தினகரன் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டார். அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். ஆனாலும் வாரியம் வந்து அவர் வாயில் உட்கார்ந்துகொண்டது. "சங்கடமாத்தானுங்க இருக்குது. ஆனா சங்கடத்துக்கு விதியில எடமில்லீங்களே. எறங்காதவங்க ஊட்டைக் காலி பண்ணோணும்ங்கறாங்க. உங்க இஷ்டமுங்க."

வீடு என்றதும் நிலைக்கால் நினைவுக்கு வந்தது. இந்தத் தண்ணீருக்குப் பயந்தால் அந்த மரம் போய்விடும். கருப்பம்மாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இறங்கினாள். சேறு காலைப் பிடித்தது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று தண்ணீர் ஏறியது. பாதாளம் இப்போது வரும், இப்போது வரும் என்று ஒவ்வொரு அடியாக வைத்தாள். நடுக்குட்டைக்கு வந்துவிட்டாள். பாதாளம் வரவில்லை.

தண்ணீர் கீழுதட்டில் வந்து நின்றுவிட்டது. கால் தரையில் இருந்தது. அவளுக்கு அந்த அளவு தெரியும். தினம் காலையில் நிலைக்காலில் சாயும்போது வெட்டு படுகிற அதே இடம். பிள்ளை இங்கே நின்றிருந்தால் தண்ணீர் சரியாக அவள் உச்சந்தலை மட்டத்துக்கு நின்றிருக்கும். இவ்வளவுதானா ஆழம்! ஒரு சாண். இன்னும் ஒரே ஒரு சாண் வளர்ந்திருந்தால் எம் புள்ள மூக்கு வெளியில இருந்திருக்குமே, சத்தம் போட்டிருக்குமே, யாராவது வந்து தூக்கியிருப்பார்களே. அடி இல்லாத குட்டை என்று சொல்லித் தேற்றினார்களே, பாவிகள். அழுதால் வாய்க்குள் தண்ணீர் போகும் என்று அவள் அழாமல் அசையாமல் நின்றாள்.

கரையிலிருந்து தினகரன் மற்ற பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "கருப்பம்மாளைப் பாருங்க! முதுகை எப்படி நேரா வெச்சிருக்காங்க! இதுதானுங்க நமக்கு வேணும்."

அதற்குப் பிறகு கருப்பம்மாள் ஒரு நாளும் தவறவில்லை. மற்றவர்கள் காய்ச்சல், சளி என்று நின்றுகொண்டார்கள். அவள் மழையென்றும் பனியென்றும் பார்க்காமல் வந்து, நடுக்குட்டையில் போய் நிற்பாள். நீந்தவில்லை. பிள்ளை கடைசியாக நின்ற இடத்தில், அவள் பக்கத்தில் நிற்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். திட்டத்தில் அவளைப் போல் ஊக்கமான ஆள் இல்லை என்று வாரியத்தில் பேசிக்கொண்டார்கள்.

மழை முடிந்ததும் மறு அளவு. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள், இங்கே சாணும் ஏறவில்லை. மழையில் செடி கொழுத்து இன்னும் நாலு விரல் ஓங்கியிருந்தது. அத்தனை பெண்களும் முன்னைவிடச் சுருங்கியிருந்தார்கள். சந்தேகம் வந்து மேனேஜரையே செடியோரம் நிறுத்திப் பார்த்தார்கள். அவருக்கும் செடி நெஞ்சுக்கு வந்தது. அதிகாரிகளின் உயரம் பதவியைப் பொறுத்தது, செடியைப் பொறுத்ததல்ல என்று தினகரன் விளக்கியதும்தான் மேனேஜருக்கு மூச்சு வந்தது.

ஆனால் தினகரனுக்கு மூச்சு வரவில்லை. நீந்த வைத்துச் சுருக்கிவிட்டார் என்று குன்னூரில் பேச்சாகிவிட்டால் அவரைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றிவிடுவார்கள். திட்டத்தை அன்றைக்கே முடித்துக்கொண்டு, வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிடலாம் என்று மோசஸைக் கூட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தார். முதல் காம்பிரா கருப்பம்மாளுடையது. தாழ்ந்த வாசலுக்குக் குனிந்தவர், பிடிமானத்துக்கு நிலைக்காலில் கை வைத்தார். விரல் ஒரு பள்ளத்தில் விழுந்தது.

"இது என்னங்கம்மா?" என்று கேட்டார்.

மட்டம் வெட்டியது என்றாள் கருப்பம்மாள். உயரத்துக்கு வெட்டுவது எங்கள் வழக்கம் என்றாள். யாருடைய உயரம் என்று அவள் சொல்லுமுன் தினகரன் அவளைப் பிடித்து நிலைக்காலில் சாய்த்து நிறுத்திவிட்டார். வெட்டு அவள் உதட்டில் இருந்தது. அதிலிருந்து உச்சந்தலைவரை கையை விரித்து அளந்தார்.

"ஒரு சாண்! மோசஸ், ஒரு சாண் வளர்ந்திருக்காங்க! ஏனுங்கம்மா, இது நீங்க நீச்சலுக்கு முந்தி வெட்டுன மட்டந்தானுங்களே?"

ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனுசி ஒரு மழைக்காலத்தில் ஒரு சாண் வளர்வாளா என்று அவர் யோசிக்கவில்லை. யோசிப்பது அவர் வேலையுமில்லை. பின்னால் நின்ற மோசஸ், ஆமாம் என்று சொல் என்று கண்ணைக் காட்டினார். லயத்துப் பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்று சொன்னால் திட்டம் பிழைக்கும், அவர்கள் எல்லோர் வீடும் பிழைக்கும், இந்த நிலைக்காலும் பிழைக்கும். இல்லை, இது செத்துப்போன எம் மவளோடது என்றால் நாளைக்கே எல்லோரும் தெருவில். கருப்பம்மாள் வெட்டின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள், பிள்ளையின் காதைப் பொத்துகிற மாதிரி.

"என்னோடதுதாங்க" என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் தன் கையாலேயே பிள்ளையை இன்னொருதரம் தண்ணீரில் தள்ளியது போல் இருந்தது. மற்ற பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டு, மகராசி, எங்களைக் காப்பாத்திட்ட என்றார்கள். அன்றைக்கு அவள் உலை வைக்கவில்லை.

வீடு பிழைத்தது என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்ட மூன்றாவது நாள், ரம்பமும் உளியுமாக இரண்டு ஆசாரிகள் வந்தார்கள். கூடவே தினகரன். உலகத்திலேயே முதல்முறையாக ஒரு மனிதரின் உயரத்தை மீட்டிருக்கிறோம், அதற்கு ஆதாரம் அந்த மரம், அதை வாரியத்தின் கூடத்தில் வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். கருப்பம்மாள் ஓடிப்போய் நிலைக்காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயா, வேற என்னத்த வேணும்னாலும் எடுத்துக்கங்க. இத விட்ருங்க. கும்புட்டுக் கேக்குறேன்."

தினகரனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "இது உங்க பழைய மட்டந்தானுங்கம்மா? நீங்கதான் இப்ப வளர்ந்து நிக்கறீங்களே, பழசு எதுக்குங்க உங்களுக்கு?" என்று கேட்டார்.

சொல்ல இருந்த ஒரே பதிலை மூன்று நாளுக்கு முன்னால் அவளே விற்றுவிட்டாள். வெட்டுக்கு மேலே ஒரு முழம், கீழே ஒரு முழம் விட்டு அறுத்தார்கள். காய்ந்த ஈட்டி மரம், லேசில் அறுபடவில்லை. அறுத்த இடத்தில் புது சில்வர் ஓக் மரத்தை வைத்து அடித்து, வார்னிஷும் பூசிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை வாசல் கூட்டியவள் பழக்கத்தில் அதில் போய்ச் சாய்ந்தாள். மரம் வழவழவென்று இருந்தது. எங்கும் எதுவும் தட்டுப்படவில்லை.

குன்னூரில் விழா வைத்தார்கள். கருப்பம்மாளைப் புதுச் சேலை கட்டவைத்து, பந்தலூரிலிருந்து கூடலூர், நடுவட்டம், ஊட்டி என்று மலையைச் சுற்றி ஜீப்பில் கொண்டுபோனார்கள். வாந்தி எடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். வாரியத் தலைவர் பேசினார். விலை குறைந்தால் என்ன, ஃபாக்டரி மூடினால் என்ன, நம் மக்கள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். இதே திட்டத்தை எல்லா எஸ்டேட்டுக்கும் கொண்டுபோகப் போகிறோம், குட்டை இல்லாத எஸ்டேட்டில் உலர்நீச்சலோடு நிறுத்திக்கொள்வோம் என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கடைசியாகத் திரையை விலக்கினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நிலைக்கால் துண்டு நின்றது. வெறும் தரையில் வைத்தால் மரியாதையாக இருக்காது என்று, பளபளக்கும் கல்லில் நெஞ்சு உயரத்துக்குப் பீடம் கட்டி அதன்மேல் ஏற்றியிருந்தார்கள். 'கருப்பம்மாள், நீச்சலுக்கு முன்' என்று பித்தளைத் தகடு. பக்கத்தில் கருப்பம்மாளை நிற்கச் சொன்னார்கள், நீச்சலுக்குப் பின் எப்படி என்று படம் பிடிக்க.

அவள் போய் நின்றாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வெட்டு அவள் தலைக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில் இருந்தது.

தினகரனுக்கு வேர்த்துவிட்டது. பீடத்தை இறக்க முடியுமா என்று கேட்டார்கள், சிமென்ட் போட்டாயிற்று என்றார்கள். யாரோ ஓடிப்போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டார்கள். ஏறுங்கள், சீக்கிரம் ஏறுங்கள், தலைவர் காத்திருக்கிறார் என்றார்கள்.

கருப்பம்மாள் ஏறவில்லை. அவள் வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடையிலிருந்து உதட்டுக்கு ஏறவே அத்தனை வருசம் பிடித்தது. கண்ணாடிக்குப் பின்னால், அவளைவிட உயரமாக, கல்யாண வயசில் ஒருத்தி நிற்பது போல் இருந்தது. உயிரோடு இருந்தால் அந்த வயசுதான்.

"வேணாங்க. அவ என்னவிட ஒசந்தே நிக்கட்டும்" என்றாள்.

யார் என்று தினகரன் கேட்டார். பதிலுக்கு நிற்க அவருக்கு நேரமில்லை. தலைவர் கையைக் காட்டிவிட்டார், எல்லோரும் ஓடிவந்து வரிசையாக நின்றுகொண்டார்கள், படம் எடுத்தாயிற்று.

அந்தப் படம் வாரியத்தின் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் தலைவர், தினகரன், பாலகுமார், மோசஸ் எல்லோரும் நேராகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கருப்பம்மாள் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.